அதே செடிகள்

எம்.ஃபில். முடித்த கையோடு ஸ்ரீமதி முனைவர் பட்டத்துக்கும் பதிவு செய்துகொண்டாள். மழைக்காலத்தில் தேயிலையில் வரும் கொப்புள நோய்தான் அவளுடைய ஆய்வு. குன்னூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தாவரவியல் டீச்சர் வேலை. லீவு நாளானால் கோத்தகிரி பஸ் ஏறி மாரப்பனின் தோட்டத்துக்குப் போய்விடுவாள்.

மாரப்பன் சிறு விவசாயி. அவருடைய அப்பா காலத்தில் கோயமுத்தூர்ப் பக்கமிருந்து மலையேறிய குடும்பம். கீழ்ச்சரிவு முழுவதையும் மருந்தடிக்காமல் அவளுக்காக விட்டு வைத்திருந்தார். நோய் தாக்கிய இலைகளை அவள் எண்ணிக்கொண்டிருந்தால் தாமே குடை பிடித்துக்கொண்டு நிற்பார்.

இரண்டு மழைக்காலம் இப்படி நல்லபடியாகக் கழிந்தது. பிறகு அவளுடைய நெறியாளர் ஓய்வு பெற்று மகனோடு இருக்கப் போய்விட்டார். அந்தப் பல்கலைக்கழகத்தில் இந்த ஆய்வுக்கு வேறு ஆள் இல்லை. வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று யாரோ சொல்லப்போய், கோயமுத்தூருக்கும் பழைய பல்கலைக்கழகத்துக்குமாக அலைய ஆரம்பித்தாள். ஓரிடத்தில் தடையில்லாச் சான்று கேட்டார்கள்; அதைத் தர வேண்டியவர்கள் முதலில் சேர்க்கைக் கடிதம் கொண்டு வா என்றார்கள். லீவெல்லாம் அதிலேயே கரைந்தது. அந்த வருட மழைக்கு அவள் தோட்டத்தை எட்டிப் பார்க்கவேயில்லை.

கடைசியில் கோயமுத்தூரில் பேராசிரியர் சில்வஸ்டர் அவளை ஏற்றுக்கொண்டார்.

"ஆய்வுக் குழுவுல பேசிட்டேன்மா. முன்னால செஞ்சதை எடுத்துக்கலாம்ங்கறாங்க. ஆனா அதே செடிகள்ல இன்னும் ஒரு மழைக்காலம் பார்த்தாகணும்."

"பார்த்துடறேனுங்க சார்" என்றாள். அதைவிட எளிதான காரியம் ஒன்று உண்டா என்றிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே தோட்டத்துக்குப் போனாள். கீழ்ச்சரிவில் ஒரு தேயிலைச் செடிகூட இல்லை. வேரோடு பிடுங்கி, மண்ணைக் கொத்திக் கேரட் போட்டிருந்தது. மேலே மிச்சமிருந்த செடிகள் பறிப்பாரில்லாமல் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து கிடந்தன.

மாரப்பன் கை மண்ணைத் தட்டிக்கொண்டே வந்தார்.

"ஏனுங்கம்மிணி, சொல்லியனுப்பலாம்னுதான் இருந்தேனுங்க. உங்க ஊடு எங்கன்னு தெரியாமப் போச்சு. பறிச்ச இலைய ஃபேக்டரி கேட்லயே வேண்டாம்னு திருப்பிட்டாங்க. பையன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயிட்டான். நானும் எத்தன நாளைக்கிங்க பார்த்துட்டே இருக்கறது?"

அவள் மேல்சரிவை நிமிர்ந்து பார்த்ததும் அவரே கேட்டார்:

"மேல இருக்கற செடி ஆகாதுங்களா?"

"அது மருந்தடிச்சதுங்கண்ணா."

"அப்ப ஆகாதுங்களா?"

"ஆகாதுங்க."

தப்புச் செய்தவர்போல அவர் தலையைக் குனிந்துகொண்டார். கோபப்பட்டுவிட்டால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. ஆனால் யார்மேல் கோபப்படுவது? "நீங்க என்னங்கண்ணா பண்ணுவீங்க" என்று அவரைத் தேற்ற வேண்டியதாயிற்று.

சில்வஸ்டர் மறுபடியும் குழுவில் கேட்டுப் பார்த்தார்.

"இதுவரைக்கும் செஞ்சது ஒரு எம்.ஃபிலுக்குத் தாராளமாப் போதும்ங்கறாங்கம்மா."

"எம்.ஃபில். எங்கிட்ட இருக்குங்களே சார்."

"தெரியும்மா" என்றார். அப்புறம், "புதுத் தலைப்புல, முதல் வருஷத்துலயிருந்து பதிவு பண்ணிக்கலாம். யோசிச்சுச் சொல்லு" என்றார்.

யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவள் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. ஆராய்ச்சி எந்த மட்டில் இருக்கிறது என்று பள்ளியில் கேட்டவர்களிடம், "நடந்துட்டிருக்குங்க" என்றே சொல்லி வந்தாள். அடுத்த வருடம் யாரும் கேட்கவில்லை.