தொடர்மாடியில் பெரட்டு எடுத்த கணக்கப்பிள்ளை

எம்பிலிப்பிட்டிய சந்தையில் லொறிக்கு வாழைக்குலை ஏற்றிக்கொண்டிருந்தபோது என் மனைவி சாவித்திரி தொலைபேசியில் அழைத்தாள். பக்கவாதம் வந்த பிறகு அவளுடைய பேச்சு கொஞ்சம் இழுக்கும். அன்றைக்கு இழுக்கவில்லை.

"கணக்கப்பிள்ளை போயிட்டாருங்க. விடியவே நெஞ்சு வலிக்குதுன்னாராம். ஆஸ்பத்திரி வாசல்லயே முடிஞ்சிருச்சி."

அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தேன் என்று எழுதலாம். உண்மை அதுவல்ல. குலைகளை ஏற்றி முடித்த பிறகுதான் வீடு இருக்கும் இரத்தினபுரிக்குப் புறப்பட்டேன்.

வேலாயுதம் கணக்கப்பிள்ளையை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கொடகவெலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடங்களுக்கு மேல் ஆட்களை எண்ணி வேலைக்கு விடும் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். ஓய்வு பெற்ற பின் மகளுடன் எங்கள் தொடர்மாடியின் முதலாம் மாடிக்குக் குடிவந்தார். ஐந்து மாடி, பதினைந்து வீடு, ஒரு கேட், ஒரே படிக்கட்டு, லிஃப்ட் கிடையாது. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று எல்லாரும் இருக்கிறோம். எங்கள் வீடு மூன்றாம் மாடியில் ஒன்பதாம் இலக்கம்.

முதலில் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. நான் தோட்டத் தொழிலாளர் லயத்தில், ஓர் அறைக் காம்பராவில் பிறந்தவன். காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது ஐந்து நிமிடம் பிந்தினால் என் அப்பாவைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அன்றைக்கு வேலையில்லை. அப்படித் திருப்பி அனுப்பியவர் வேறொரு தோட்டத்துக் கணக்கப்பிள்ளைதான். ஆனாலும் கால்சட்டையை முழங்கால் வரை மடித்து, கையில் கொப்பியோடு ஒருவர் படியேறி வந்தால் அப்பா திரும்பி வந்த காலைகள்தான் எனக்கு நினைவுக்கு வரும்.

அவர் வந்த புதிதில்தான் நாலாம் மாடியில் களவு போனது. பட்டப்பகல். வெறும் காஸ் சிலிண்டரோடு உள்ளே வந்தவன், நிறைந்த சிலிண்டரையும் ஒரு மடிகணினியையும் எடுத்துக்கொண்டு போயிருந்தான். பொலிஸ் வந்தது, கேள்வி கேட்டது, போனது. யார் கேட்டைத் திறந்துவிட்டது என்று குடியிருப்போர் கூட்டத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நானும் மற்றவர்களைப் பார்த்தேன். திறந்துவிட்டவன் நான். தோளில் சிலிண்டரோடு ஒருவன் சிரித்துக்கொண்டே "அண்ணே, பொட்டக்" என்று கொஞ்சம் வழி கேட்டால் யார்தான் கேட்டைப் பிடித்துக்கொள்ள மாட்டார்கள்?

கூட்டம் முடிந்து படியேறும்போது கணக்கப்பிள்ளை பின்னால் வந்தார். "சுமையோட வர்றவனுக்கு வழிவிடுறது நல்ல பழக்கந்தான் முதலாளி. எந்த வீட்டுக்குன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு விடுங்க" என்றார். எப்படித் தெரிந்ததோ தெரியாது. கடைசிவரை வேறு யாரிடமும் அவர் அதைச் சொல்லவில்லை. இப்போது நானே சொல்கிறேன்.

அந்தக் கூட்டத்தில்தான் அவரைக் குடியிருப்போர் தலைவராக்கியிருந்தார்கள். படிக்கட்டில் எரியாத மின்குமிழ்களை மாற்ற வைத்தார். ஊருக்குப் போகிறவர்கள் பயணத்தை முகநூலில் போடாமல் எதிர்வீட்டில் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்றார். மேல்வீட்டுக்காரர் ஒருவர், நகராட்சியில் என்ன இருக்கிறதோ அதை விட இங்கே சட்டம் அதிகம் என்று முணுமுணுத்தார். மாலை ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டுவதற்கு முன் பதினைந்து வீட்டுக் கதவையும் தட்டி, எல்லாரும் உள்ளேதானா, புதிய ஆட்கள் யாரும் வந்திருக்கிறார்களா என்று விசாரித்துக் கொப்பியில் குறித்துக்கொள்வார். கண் படாத பூச்சாடியின் அடியில் சாவி வைத்திருந்தவர்களை அவர் பிடித்த கதை தனி. சிங்களம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. எங்கள் எதிர்வீட்டுச் சிங்களப் பெண் நிலந்தியின் மாமியார் அவருக்காகவே ஆறு மணிக்குத் தேத்தண்ணி ஊற்றி வைப்பார்.

ஒருநாள் கதவைத் திறந்ததும் கேட்டேவிட்டேன். "இங்கயும் பெரட்டாங்க?"

"அங்க வேலைக்கு வந்தவங்கள எண்ணுனேன். இங்க வீட்டுக்கு வந்தவங்கள எண்ணுறேன். கோவிச்சிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கதவைத் தட்டப் போனார்.

நான் என் வழியில் பாதுகாப்புச் செய்தேன். கதவுக்கு வெளியே இரும்புக் கிரில், அதற்கு ஓர் ஆமைப்பூட்டு. சாவித்திரிக்கு இடது கால் சரியாக வராது. யார் தட்டினாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு போய்த் திறந்துவிடுவாள். ஆள் இல்லாத வீட்டில் பேச்சுக்கு ஏங்குகிறவள் வேறு என்ன செய்வாள்? ஆகவே சந்தைக்குப் போகும் நாட்களில் கிரிலை வெளியே பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவேன். முப்பது வருட வியாபாரத்தில் கடைச் சாவியையோ வீட்டுச் சாவியையோ நான் பிறர் கையில் கொடுத்ததில்லை. பொத்தான் தொலைபேசி ஒன்றை அவளிடம் வைத்துவிட்டுப் போவதால் எல்லாம் சரி என்று நினைத்தேன்.

ஒரு வியாழக்கிழமை காலை, கீழே மின்மானிப் பலகை கருகிப் படிக்கட்டு முழுவதும் புகை. நான் எம்பிலிப்பிட்டியவில். எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கிக் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். நடந்ததை நிலந்தி பிறகு சொன்னாள். கணக்கப்பிள்ளை அங்கே நின்று வீட்டு இலக்க வரிசைப்படி பேர் கூப்பிட்டாராம். ஒன்பதாம் இலக்கத்துக்குப் பதில் இல்லை. சாவித்திரி அக்கா கிளினிக் போயிருப்பார் என்று யாரோ சொன்னார்கள். கிளினிக் செவ்வாய்க்கிழமை, இன்றைக்கு வியாழன் என்று சொல்லிவிட்டு, நனைத்த துவாயை முகத்தில் கட்டிக்கொண்டு மேலே ஏறினார். வயது எழுபத்திரண்டு.

மேலே போனால் பூட்டு. நிலந்தியின் கணவர் இரும்பு அறுக்கும் வாள் தேடிக் கடைக்கு ஓடினார். அவர் வந்து அறுத்து முடிக்கும்வரை கணக்கப்பிள்ளை கீழே இறங்கவில்லை. கிரில் கம்பிக்கிடையே கையை விட்டு, தரையில் உட்கார்ந்திருந்த சாவித்திரியின் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். அவள் பயப்படாமலிருக்கப் பேச்சுக் கொடுத்தாராம். என்ன பேசினார் என்று கேட்டேன். "வாழைப்பழம் என்ன விலைன்னு கேட்டாரு. எனக்குத் தெரியல. புருஷன் யாவாரி, பொண்டாட்டிக்கு வெல தெரியலையான்னு சிரிச்சாரு" என்றாள்.

மாலையில் வந்து சேர்ந்தேன். அறுத்த பூட்டு வாசலில் கிடந்தது. எல்லார் முன்னாலும் திட்டுவார் என்று எதிர்பார்த்து, பதிலுக்கு வார்த்தைகளையும் தயாராக வைத்திருந்தேன். அவர் என்னை மாடிப்படி வளைவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். தன் இருமல் அடங்கும்வரை காத்திருந்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"தோட்டத்துல நாங்க எத்தனையோ அநியாயம் பண்ணியிருக்கோம் முதலாளி. ஆனா லயத்துல ஒரு காம்பராவயும் ஆள உள்ள வச்சி வெளியில பூட்டுனதில்ல."

நான் திரும்பி வந்து, வாசலில் கிடந்த பூட்டைப் பொறுக்கிக் குப்பையில் போட்டேன்.

மறுநாள் கிரில் சாவி ஒன்றை நிலந்தியிடம் கொடுத்தேன். முப்பது வருடத்தில் அதுதான் முதல் தடவை. வெளிப்பூட்டு அத்தோடு போனது. ஆனால் சாவித்திரி வெளியே வரவில்லை. மூன்று மாடி, அவளுடைய கால், என்னுடைய வியாபாரம். கணக்கப்பிள்ளை ஒவ்வொரு மாலையும் கதவைத் தட்டும்போது, ஒருநாளைக்கு இவங்களைக் கீழே கூட்டிக்கொண்டு வாருங்கள், நாலு பேர் பிடித்தால் நாற்காலியோடு இறக்கிவிடலாம் என்பார். பார்ப்போம், சந்தை ஓயட்டும் என்பேன். இப்படியே ஒரு வருடம் போனது.

அடக்கம் கொடகவெலத் தோட்டத்தில், அவருடைய மனைவியின் குழிக்குப் பக்கத்தில். இரண்டு வேன் பிடித்தார்கள். பதினைந்து வீடும் போக விரும்பியது. ஆனால் மரண வீட்டுப் பதாகை தொங்கும் கட்டடம் ஆளில்லாமல் கிடக்கும் என்று கள்ளனுக்கும் தெரியும்; கட்டடத்தை வெறுமையாக விடக்கூடாது என்று சொன்னவரும் இவர்தான். ஒருவர் தங்க வேண்டும். சாவித்திரிக்காக நான் எப்படியும் நிற்க வேண்டியவன்தானே என்று எங்கள் வாசலில் கூடியிருந்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நானும் தலையாட்டினேன்.

அப்போது வீட்டுக்குள்ளேயிருந்து சாவித்திரியின் குரல் வந்தது. "நான் போறேன். நீங்க கேட்டுல இருங்க."

கால், பாதை, திரும்பி வரும் நேரம் என்று என்னென்னவோ சொன்னேன். அவள் சேலையைச் சரிசெய்துகொண்டாள். நிலந்தியின் கணவரும் இன்னும் மூன்று பேரும் அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள்.

ஆகவே கணக்கப்பிள்ளையின் அடக்கத்தில் நான் இல்லை. ஒரு பிடி மண் போடவில்லை. கேட்டின் இரண்டு கதவையும் அகலத் திறந்துவிட்டேன். அவரைச் சுமந்த வாகனம் முதலில் போனது, வேன்கள் பின்னால் போயின. இரண்டாவது வேனின் சன்னலில் சாவித்திரி முகத்தை வெளியே நீட்டி, காற்றுக்குக் கண்ணை மூடியிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. வேன் மறைந்ததும் கேட்டை உள்ளே பூட்டிவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தேன். மேலே பதினைந்து வீட்டிலும் ஒரு சத்தம் இல்லை.

போய் வாருங்கள் ஐயா. அவளைக் கீழே கொண்டுவர நாலு பேரும் பத்து நிமிடமும்தான் தேவைப்பட்டன. அதற்குத்தான் நான் உங்களிடம் ஒரு வருடம் தவணை சொன்னேன்.