கண்ணில் ஒற்றிக்கொண்ட துப்பாக்கி

கையில் ஒரு துப்பாக்கியைக் கொடுத்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

நான் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

சிரிக்காதீர்கள். பழக்கம் அப்படி. காலையில் கடையைத் திறந்ததும் தராசைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவன் நான். புதுப் பேனை வாங்கினாலும் அப்படித்தான். தெரியாமல் காலில் மிதிபட்ட கடுதாசிக்கும் அதே மரியாதைதான். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவனுக்குக் கையில் எடுக்கிற சாமான் எல்லாமே சாமி. அந்த நினைப்பில், நியாஸ் நானா கொடுத்த பிஸ்டலை இரண்டு கையாலும் ஏந்தி, பயபக்தியோடு மெதுவாக முகத்துக்குக் கொண்டுபோனேன்...

“எபா! எபா!”

வேண்டாம், வேண்டாம் என்று சிங்களத்தில் ஓர் அலறல். திரும்பிப் பார்த்தால், அந்தச் சுடும் திடலுக்குப் பொறுப்பான ஓய்வுபெற்ற சார்ஜன்ட் மேசைக்கு அடியில் இருக்கிறார். நல்ல பருத்த மனிதர். அவ்வளவு சின்ன இடத்துக்குள் எப்படிப் போனார் என்பது இன்றுவரைக்கும் எனக்கு விளங்கவில்லை. துப்பாக்கியின் வாய் அவர் பக்கம் பார்த்திருந்ததாம்.

நல்லவேளை, உள்ளே தோட்டா இல்லை.

“யா அல்லாஹ்! தம்பி, இது நீங்க விக்கிற குத்துவெளக்கு இல்ல. வாய் எப்பவும் முன்னுக்குத்தான் பாக்கோணும். செல்லித்தானே தந்தேன்?” என்றார் நானா.

சொல்லித்தான் தந்தார். காது கேட்டது. கைக்குத்தான் கேட்கவில்லை.

நியாஸ் நானாவைப் பற்றிச் சொல்லவேண்டும். நானா என்றால் முஸ்லிம்களின் பேச்சில் அண்ணன். கட்டுகஸ்தோட்டையில் என் பூசைச் சாமான் கடைக்கு நேர் எதிரே மாணிக்கக்கல் வியாபாரம் செய்கிறவர். கல்லோடு பயணம் போகிறவர் என்பதால் எப்போதோ பாதுகாப்புக்கு லைசன்ஸ் எடுத்து ஒரு பிஸ்டல் வாங்கினார். வாங்கியது பழைய பிரெஞ்சு பொலிஸ் பிஸ்டல். அதோடு பிடித்தது பைத்தியம். இப்போது மூன்று வைத்திருக்கிறார். மூன்றுமே பிரான்ஸ் நாட்டுப் பொலிஸ்காரர்கள் இடுப்பில் கட்டித் திரிந்து, புதியது வந்ததும் கழித்துவிட்டவை. இரண்டில் சுடுகிற ஊசியைக் கழற்றியாயிற்று. அவை பார்வைக்கு மட்டும். ஒன்றுதான் சுடும். ஒவ்வொரு வருடமும் லைசன்ஸ் புதுப்பிக்கிற காலம் வந்தால், மகளுக்குப் பரீட்சை முடிவு வரப்போகிற தகப்பன் மாதிரி நடந்து திரிவார்.

அவர் பிஸ்டலைத் துடைக்கிற அழகை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பழைய சாரத் துணியை விரித்து, ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, எண்ணெய் தொட்டு... அபிஷேகம்தான்!

“இங்க பாருங்க தம்பி” என்று ஒருநாள் காட்டினார். “வெளிய ஓரமெல்லாம் சாயம் போய் வெள்ளையா ஈக்குது. தோல் ஒறையில ஒரசி ஒரசித் தேஞ்சது. குழலுக்குள்ள பாத்தா புதுசு மாதிரி. அப்பிடியெண்டா என்ன அர்த்தம்? நெறைய சொமந்தான், கொஞ்சமாத்தான் சுட்டான். நல்ல பொலிஸ்காரன்ட சாமான்.”

அந்த வார்த்தையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எனக்குத் தேவைப்படும்.

“ஒருநாளைக்கி வந்து சுட்டுப் பாருங்களேன்” என்று கனகாலமாகக் கூப்பிடுவார். நான் போனதில்லை. இந்த முறை போனேன். எப்போது? கந்தசஷ்டி விரதத்தின் நடுவில்!

விரதக்காரன் துப்பாக்கி சுடலாமா? ஐயரிடம் கேட்கவில்லை. கேட்டால் கூடாது என்று சொல்லிவிடுவாரே! நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன்: சுடப்போவது கடுதாசியைத்தானே... கடுதாசி சைவம்தானே?

உண்மை வேறு. அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கோயிலில் நிற்க முடியவில்லை.

எங்கள் கோயிலில் சூரசம்ஹாரத்தன்று ஒரு வழக்கம் உண்டு. அம்பாள் சந்நிதியில் பூசை வைத்த வேலாயுதத்தை ஒரு குடும்பஸ்தர் ஏந்திக்கொண்டுபோய் முருகனின் கையில் சேர்க்க வேண்டும். அவருக்குத் தலையில் பரிவட்டம் கட்டுவார்கள். பட்டுத்துணிதான்... ஆனால் அதைக் கட்டிக்கொண்டு நிற்கும்போது ஊரே நம்மைப் பார்க்கும். பல வருடமாக அது என் தலையில் இருந்தது. இந்த வருடம் பரிபாலன சபை கூடி, என் மனைவி சரோஜாவின் அண்ணனுக்குக் கொடுத்துவிட்டது. செல்வராஜ் மச்சான். மாநகர சபையில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரோடும் சத்தமாகச் சிரித்துப் பேசுகிற மனிதர். சபை கேட்டதும் “சரிங்க” என்றாராம். “அது மாப்புள செய்யிறதாச்சே” என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையாம்.

அன்றிலிருந்து நான் மச்சானோடு பேசுவதில்லை. வழியில் கண்டால் தலையைக் குனிந்துகொள்வேன். போன் எடுத்தால் சரோஜாவிடம் கொடுத்துவிடுவேன். வாயில் கந்தசஷ்டி பாராயணம். வயிற்றில் ஒருவேளைப் பால், பழம். மனதில்... விடுங்கள்.

இப்போது திடலுக்கு வாருங்கள்.

அம்பிட்டிய பக்கம் மலையை வெட்டி எடுத்த ஒரு பள்ளம். முன்னால் மண்மேடு, அதில் பலகை, பலகையில் கடுதாசி, கடுதாசியில் கறுப்பு வட்டம். சார்ஜன்ட் மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்து, உடுப்பைத் தட்டிவிட்டு, என்னைவிட்டு நன்றாகத் தள்ளி நின்றார். நானா தோட்டா போட்டுக் கொடுத்தார்.

“மூச்ச பாதி விட்டு நிப்பாட்டுங்க. வெரல இழுக்க வாணாம், அமத்துங்க. அவசரப்பட்டா கை ஆடும்.”

முதல் வேட்டு மண்மேட்டில். இரண்டாவது எங்கே போனது என்று மலைக்குத்தான் தெரியும். காதில் ரீங்காரம், மூக்கில் கரி வாசம். “போதும் நானா” என்று சொல்ல வாயெடுத்தேன்.

அப்போதுதான் அது நடந்தது.

கறுப்பு வட்டம் மெல்ல வழுக்கையானது. மீசை வைத்தது. பரிவட்டம் கட்டிக்கொண்டது. பற்கள் தெரியச் சிரித்தது!

சத்தியமாகச் சொல்கிறேன், என் கை ஆடவில்லை. மூச்சுத் தானாக நின்றது. விரல் தானாக அமர்ந்தது. மீதி இருந்த அத்தனை தோட்டாவும் வட்டத்துக்குள். வட்டத்துக்குள் என்றால் நடுவில். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மூக்குத்தியில் பதித்த கல் மாதிரி.

“ஹரி ஷோக்!” என்று சார்ஜன்ட் கைதட்டினார். நானா ஓடிப்போய்க் கடுதாசியைக் கிழித்துக்கொண்டு வந்தார்.

“ஆடாத கை தம்பி இது! நான் இவ்வளவு காலம் சுட்டும் இப்பிடி வரல்ல. என்னத்த நெனச்சிச் சுட்டீங்க?”

“முருகன” என்றேன்.

பொய் சொல்லும்போதாவது வேறு பெயரைச் சொல்லியிருக்கலாம். நாக்கு முதலில் அந்தப் பெயருக்குத்தான் பழகியிருக்கிறது.

பஸ்ஸில் திரும்பி வந்தேன். சுருட்டிய கடுதாசி கையில். எனக்குப் பயம் வந்தது எப்போது தெரியுமா? சுட்டபோது இல்லை. பஸ்ஸில் இருந்து யோசித்தபோது... அந்த நேரத்தில் எனக்குச் சந்தோசமாக இருந்தது என்று தெரிந்தபோது. நெற்றியில் விபூதி, கழுத்தில் உருத்திராக்கம். என் மனைவியோடு கூடப்பிறந்தவன், என் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு பெரஹரா ஊர்வலம் காட்டினவன், அவன் முகத்தில் நான் ஓட்டை போட்டிருக்கிறேன். அதுவும் விரதத்தோடு.

கடுதாசியைக் கொண்டுபோய்க் கடை அலுமாரிக்குப் பின்னால் செருகினேன். கிழித்துப்போட மனம் வரவில்லை. அதையும் சொல்லத்தானே வேண்டும்?

நான் ஒளித்து வைத்து என்ன பயன்? எதிர்க்கடையில் நானாவின் வாய் இருக்கிறதே! சரோஜாவுக்குச் செய்தி போய், அவளிடமிருந்து அவள் அண்ணனுக்குப் போய், அடுத்த நாளே மச்சான் கடை வாசலில்.

எழுந்து நின்றேன். வாயைத் திறக்கப் போனேன்.

“பேசாதீங்க, பேசாதீங்க!” என்று இரண்டு கையையும் தூக்கினார் மச்சான். “வெரதத்தக் கெடுத்துக்கிறாதீங்க மாப்புள. சரோசா எல்லாம் சொல்லிருச்சு.”

எல்லாமா?

“இந்த வருசம் மௌன வெரதமும் சேத்துப் புடிக்கிறீங்களாமே! அதுவும் சஷ்டிக்கு முன்னுக்கே தொடங்கி! நான் வேற என்னமோ கோவமாக்கும்னு நெனச்சு ராத்திரியெல்லாம் பொரண்டுகிட்டுக் கெடந்தேன். சரோசாகிட்டக் கேட்டப்புறம்தான் நிம்மதி. எங்களால ஏலுமா அதெல்லாம்?”

அண்ணன் மனம் நோகக்கூடாது என்று சரோஜா சொன்ன பொய் அது. அவர் முகத்தைப் பார்க்காத என் கோபத்துக்கு அவள் விபூதி பூசி, விரதம் என்று பெயர் வைத்திருக்கிறாள். மச்சான் அதை அப்படியே நம்பிவிட்டார். ஊர் முழுக்கச் சொல்லியும் விட்டார். கடைக்கு வந்த இரண்டொரு பேர் என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனதன் காரணம் அப்போதுதான் விளங்கியது.

“எங்க அந்தக் கடுதாசி? காட்டுங்க.”

எடுத்துக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது? வாய்தான் விரதத்தில் இருக்கிறதே.

மச்சான் அதைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தார். ஓட்டைகளின் வழியே அவர் முகத்தில் வெயில் விழுந்தது. சரியாக மூக்குக்கு மேலே. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“அம்மாடி! எல்லாம் ஒரே எடத்துல! மாப்புள, இத நான் எடுத்துட்டுப் போறேன். கோயில்ல நாலு பேருக்குக் காட்டணும். எங்க வீட்டு மாப்புளனா சும்மாவா?”

கடுதாசியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார். வந்த சாட்டுக்கு வாங்கின கற்பூரப் பெட்டியை மேசையிலேயே மறந்துவிட்டுப் போனார்.

சூரசம்ஹாரம் வந்தது. கூட்டத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன். அதற்குள் கோயிலில் பாதிப் பேர் கடுதாசியைப் பார்த்துவிட்டார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாம் என் கையைப் பார்க்கிறார்கள். தவில் உச்சத்துக்குப் போனது. பட்டுப் பரிவட்டத்தோடு மச்சான் வேலை ஏந்தி வெளியே வந்தார். வந்தவர் நின்றார். கூட்டத்தைக் கண்ணால் துழாவினார்.

“மாப்புள! எங்க நிக்கிறீங்க? இங்க வாங்க!”

யாரோ என்னைத் தள்ளிவிட்டார்கள்.

“இவ்வளவு பாரம்னு நீங்க ஒரு வார்த்த சொல்லலியே... என் கை ஆடுது மாப்புள. உங்க கைதான் ஆடாத கையாமே. ஒரு பக்கம் புடிங்க.”

பிடித்தேன்.

பிஸ்டலில் ஆடாத கை, வேலில் ஆடியது. அப்படி ஆடியது. மச்சான் தன் கையை என் கைமேல் வைத்து இறுக்கினார். இரண்டு பேருமாகத்தான் கொண்டுபோய்ச் சேர்த்தோம்.

அந்தக் கதையை எத்தனை வருடம் கேட்டிருக்கிறேன்! முருகன் சூரனைக் கொல்லவில்லை. வேல் பட்டதும் அவன் மயிலும் சேவலுமானான். எதிர்த்து நின்றவனை ஏறிப்போகிற வாகனமாக்கி, கொடியாக்கிக் கூடவே வைத்துக்கொண்டது சாமி. நானோ, கூடவே நின்றவனைச் சூரனாக்கிச் சுட்டேன். விரதம் என்றால் வயிற்றைக் காயப்போடுவது என்று மட்டும் நினைத்துவிட்டேனோ?

நானாவின் பிஸ்டல் வெளியே தேய்ந்து உள்ளே புதுசு. நான் நேரெதிர். வெளியே விபூதிப் பளபளப்பு. குழலுக்குள் பார்த்தால்... எத்தனை பேரை எத்தனை முறை சத்தமில்லாமல் சுட்டிருப்பேன்! ஒவ்வொன்றுக்கும் கரி படிந்திருக்காதா? நிறையச் சுமக்கவில்லை. நிறையச் சுட்டிருக்கிறேன்.

பாரணை முடிந்த அன்று மச்சான் வீட்டுக்குப் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன்.

“மச்சான், அந்தக் கடுதாசி இருக்குல்ல... அத நான் சுடுறப்போ...”

“அதத்தான் நானும் சொல்ல வந்தேன்! இங்க பாருங்க!” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

கண்ணாடிச் சட்டம் போட்டு, முன் ஹோல் சுவரில், சாமிப்படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். பொட்டு ஒன்று வைக்காததுதான் குறை.

“சாப்புடுங்க மொதல்ல, பேச்சு அப்புறம்” என்று மச்சானின் மனைவி இலையைப் போட்டுவிட்டார். இத்தனை நாள் மௌனமாக இருந்தவன் சாப்பிடட்டும் என்று எல்லோரும் சுற்றி நின்று பரிமாறினார்கள். வாயில் வடையோடு நான் என்ன சொல்ல?

அதனால் எழுதிவிட்டேன். பத்திரிகையில் நான் எழுதுகிற இந்தப் பத்தியை மச்சான் ஒரு வாரமும் விடாமல் வாசிக்கிறவர். வாசித்துவிட்டு அந்தச் சட்டத்தைக் கழற்றி வீசினால் அது நியாயம்.

கழற்றாமல் விட்டுவிடுவாரோ என்றுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.