சுவரில் வந்து உட்கார்ந்த மாமா

நான் ஆறாம் வகுப்பு படித்தபோது, கணபதி பகுதியில் எங்கள் வாடகை வீட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு பூச்சி வந்து உட்கார்ந்தது. சின்னப் பூச்சியாக இருந்தால் விரட்டிவிட்டிருப்போம். இது சாப்பாட்டுத் தட்டு அகலம் இருந்தது. என் தாய்மாமா விபத்தில் இறந்து அன்றோடு பதினோரு நாள். பூச்சியைப் பார்த்ததும் அம்மா மின்விசிறியை நிறுத்திவிட்டாள்.

"மாமன் வந்திருக்குது கண்ணு. ஃபேன் அடிச்சுப்போடும்."

மழைக்கு முந்திய புழுக்கம். லேத் பட்டறையிலிருந்து சாப்பிட வந்த அப்பா, பனியனைக் கழற்றிவிட்டு பேப்பரால் விசிறிக்கொண்டே மாமாவை முறைத்தார். மாமா உயிரோடிருந்தபோதும் அப்படித்தான் முறைப்பார்.

எனக்கோ வேறு அவசரம். பெயரோடு ஒரு பூச்சிப் படம் கொண்டுவரச் சொல்லியிருந்தார் அறிவியல் டீச்சர். அப்பாவின் செல்போனோடு நாற்காலியில் ஏறினால், ஃபிளாஷ் போடக் கூடாது என்றாள் அம்மா, மாமனுக்குக் கண் கூசுமாம். பக்கத்தில் ஸ்கேலை வைத்தால், மாமனுக்கே அளவெடுக்கிறாயா என்று பிடுங்கிக்கொண்டாள். இருட்டில் எடுத்த படமெல்லாம் கலங்கல். இதற்கு நடுவில் சுவரோரம் ஸ்டூல் போட்டு, டம்ளரில் காபி வேறு. கடைசியாக வந்தபோது மாமா அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு, கொடுத்த காபியைத் தொடாமல் பைக்கை எடுத்துக்கொண்டு போனவர். ஆற ஆற அம்மா அதைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் போட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

மறுநாள் காலை சன்னல் வெளிச்சத்தில் ஒரு படம் தெளிவாக விழுந்தது. டீச்சருக்கு அனுப்பினேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது. இரண்டு நாள் எரிச்சலையும் சேர்த்துக் கத்தினேன்.

"மாமாவும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா! இது அட்லஸ் அந்துப்பூச்சி. இதுக்கு வாயே கிடையாது. புழுவா இருந்தப்பத் தின்னதை வெச்சுத்தான் உசுரோட இருக்குது. காபியெல்லாம் குடிக்காது!"

அந்தக் குரலை இப்போது நினைத்தால் எனக்கே என் மேல் கோபம் வருகிறது.

அப்பா நிம்மதியாக எழுந்து மின்விசிறி சுவிட்சுக்குக் கையை நீட்டினார்.

"ஏனுங்க, கொஞ்சம் இருங்க" என்று அம்மா அவரைத் தடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"வாயே இல்லாட்டி எத்தன நாளைக்கு இருக்கும் கண்ணு?"

"மிஞ்சிப்போனா ஒரு வாரம்."

"அதுல ரெண்டு நாள் போயிருச்சா?" என்றாள். அவ்வளவுதான். டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

எங்கள் அம்மாவுக்கும் அறிவியலில் ஆர்வம் வந்துவிட்டது, கணக்கெல்லாம் கேட்கிறாள் என்று அடுத்த நாள் டீச்சரிடம் பெருமையாகச் சொன்னேன்.