தொண்டையைத் தாண்டிய மஞ்சள் பை

உடும்பு என்ற பேரை நான் முதலில் கேட்டது ஒரு பீரோவின் காலடியில். அந்தப் பேர் ஒட்டிக்கொண்டவளின் அம்மாவும் நானும் ஒன்றுவிட்ட அக்கா தங்கை. அவள் அப்பா எனக்குக் கொழுந்தன் முறை. அதனால் அந்த வீட்டுக்குள் நுழைய எனக்கு இரண்டு உரிமை உண்டு. அன்றைக்கு உள்ளே போனால், அவள் அண்ணன் தரையில் குப்புறப் படுத்து, பீரோவுக்கு அடியில் தெரிந்த இரண்டு பிஞ்சுக் கால்களை இழுத்துக்கொண்டிருந்தான். பந்து உருண்டு உள்ளே போயிருக்கிறது. அப்போதுதான் நடை பழகிய தங்கச்சியும் அதன் பின்னாலேயே போய்விட்டாள். "வர மாட்டேங்கிறா பெரியம்மா, உடும்பு மாதிரி புடிச்சிக்கிட்டிருக்கா" என்றான். பள்ளிக்கூடத்தில் எழுதிய பேர் வேறு. ஒட்டியது இதுதான்.

வளர்ந்த பிறகும் அவளுக்கு இடுக்கு என்றால் இஷ்டம். லிஃப்ட் ரிப்பேர் செய்யும் கம்பெனியில் சேர்ந்தாள். லிஃப்ட் ஏறி இறங்கும் குழிக்குள் கயிற்றில் தொங்கி வேலை பார்த்துவிட்டு, முழங்கை வரை கிரீஸோடு மேலே வருவாள். அந்த வேலை போதாதென்று லீவு நாளில் குகைக்குள் போகிற கூட்டத்தோடு சேர்ந்துகொண்டாள். ஊருக்குப் பின்னால் சுண்ணாம்பு மலை இருக்கிறது. அதற்குள் அறை அறையாக ஒரு பெரிய குகை. அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் ஒரு பல் டாக்டர். வாரமெல்லாம் ஊரார் வாய்க்குள் விளக்கு அடித்துப் பார்க்கிறவர், லீவு நாளில் மலையின் வாய்க்குள் விளக்கு அடித்துப் பார்ப்பார். அந்தக் குகையில் ஒரு சந்து உண்டு. ஆள் படுத்துக்கொண்டுதான் போக முடியும், தலையைத் திருப்பக்கூட இடம் கிடையாது. அதற்கு அவர் வைத்த பேர் தொண்டை.

தொண்டைக்கு அந்தப் பக்கம் தண்ணீர்ச் சத்தம் கேட்கும். கீழே ஒரு பள்ளம், அதற்கும் கீழே ஓடை. அங்கே யாரும் இறங்கியதில்லை. இறங்கக் கயிறு வேண்டும், கயிறு தொண்டையைத் தாண்ட வேண்டும். கயிற்றில் தொங்கியே சம்பளம் வாங்குகிறவள் என்பதால் அந்தப் பொறுப்பை உடும்பிடம் கொடுத்தார்கள். அவளுக்கு நிலைகொள்ளவில்லை. லிஃப்ட் குழியில் எத்தனை தடவை இறங்கினாலும் அது யாரோ கட்டிய குழிதானே. இது யாருமே பார்க்காத இடம்.

சேதி தெரிந்ததும் அண்ணன் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றான். அவன் பைக்கடை வைத்திருந்தான். சூட்கேஸ், பள்ளிக்கூடப் பை, மலையேறுகிறவர்கள் மாட்டும் பை, எல்லாம் கூரை வரை தொங்கும். அப்பா போன பிறகு அந்தக் கடையை வைத்துத்தான் தங்கச்சியைப் படிக்க வைத்தான். "என் தங்கச்சி போற இடத்துக்கு என் கடைப் பைதான் போகணும்" என்று சொல்லி, இருப்பதிலேயே உசத்தியான பையை இறக்கினான். பக்கத்துக்கு ஒரு பாக்கெட், மேலே ஒரு பாக்கெட், இடுப்புக்குப் பட்டை, மார்புக்குப் பட்டை, ஜிப்புக்குள் ஜிப். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. குகைக்குள் நுழையும் முன் எல்லாரும் பையைத் தரையில் வைக்க வேண்டும். பல் டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் ஒவ்வொரு பையாகத் தடவிக்கொண்டு வருவார். கை எங்கே இடறுகிறதோ அதை வெட்ட வேண்டும், இல்லை ஒட்டி அமுக்க வேண்டும். கையில் இடறுவது கல்லிலும் இடறும் என்பது அவர் கணக்கு. உடும்பின் பை மேல் அவர் கை, மேடு பள்ளமான ரோட்டில் வண்டி போகிற மாதிரி போனது.

"வெட்டிடலாமாம்மா?" என்றார்.

"வேணாம் சார். எங்கண்ணன் குடுத்தது. நான் பாத்துக்கறேன்."

அவள் அப்படிச் சொன்ன விதத்தைப் பார்த்து அவரும் விட்டுவிட்டார். தப்பு அங்கேதான் நடந்தது. பையைக் காலில் கட்டி இழுத்துக்கொண்டு தொண்டைக்குள் பாதி தூரம் போனவள், அதற்கு மேல் நகரவில்லை. பாக்கெட் ஒரு பக்கம் கவ்விக்கொண்டது, பட்டை ஒரு பக்கம் சிக்கிக்கொண்டது. ஜிப்பில் சேறு ஏறி, திறந்து கயிற்றை எடுக்கலாம் என்றாலும் வழியில்லை. பின்னால் வந்தவர்களெல்லாம் ஈரத்தில் படுத்துக் காத்துக்கிடந்தார்கள். கடைசியில் பையைப் பின்பக்கமாக இழுத்து, அவளையும் பின்பக்கமாக வரவைத்து, எல்லாரும் வந்த வழியே திரும்பினார்கள். ஒருத்தரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. பல் டாக்டர் மட்டும் வெளியே வந்து சொன்னார்: "இன்னொரு தடவை போவோம். அப்பவும் பை தாண்டலேன்னா, கயிறு வேற ஆள்கிட்ட போயிடும்."

வீட்டில் அவள், பை கொஞ்சம் மாட்டிக்கொண்டது என்று மட்டும் சொன்னாள். அண்ணன் விடுவானா? தையல் சரியில்லை போலிருக்கிறது என்று, அதைவிடப் பெரிய பை ஒன்றை எடுத்து, பாக்கெட்டெல்லாம் இரட்டைத் தையல் போட்டு, கூடவே இரண்டு கொக்கியும் வைத்தான். இடம் இருக்கிறதே என்று அண்ணி அதற்குள் துண்டு, மாற்றுத் துணி, பிஸ்கட், தைல பாட்டில் எல்லாம் அடுக்கினாள். பை பெருத்தால் சுமை தானாகப் பெருக்கும். உடும்பு சொல்லிப் பார்த்தாள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றான் அவன்.

கடை லீவு நாளில் அவள் அவனை ரேக்குக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனாள். சூட்கேஸ் அடுக்கிய இரும்பு ரேக். சுவரோரமாக நீளத்துக்கும் போகும், அடியில் ஒரு ஆள் படுத்து நகரலாம். அவள் பையைக் காலில் கட்டிக்கொண்டு புகுந்தாள். ரேக்கின் இரண்டாவது காலிலேயே பை மாட்டியது.

"அது ரேக்கோட கோளாறு" என்றான் அண்ணன். "நீ இழுக்கத் தெரியாம இழுக்கிற. தள்ளு."

ஆழம் தெரியாமல் காலை விட்டான். பையைத் தன் கணுக்காலில் கட்டிக்கொண்டு, தொந்தியை எக்கிக்கொண்டு, ரேக்குக்கு அடியில் நுழைந்தான். இடுப்பு வரை சுகமாகப் போனது. காலும் உள்ளே போனதும் பை கொக்கியோடு ரேக்கில் மாட்டிக்கொண்டது. முன்னால் போகலாம் என்றால் கால் வரவில்லை. பின்னால் வரலாம் என்றால் பை வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அண்ணி ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். "உள்ளயே இருங்க. யாராவது வந்தா முதலாளி கிடங்குல இருக்காருன்னு சொல்லிடறேன்" என்றாள். அவன் பதிலுக்கு ஏதோ சொல்வான் என்று பார்த்தார்கள். மூச்சுத்தான் வேகமாகக் கேட்டது. உடும்பு தரையில் கன்னத்தை வைத்து அவனைப் பார்த்தாள். அவனுக்கு வேர்த்துக் கொட்டியிருந்தது.

"அன்னிக்கு உள்ள உனக்கு இப்படித்தான் இருந்துச்சா?" என்றான் மெதுவாக.

"ஆமாண்ணா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவள் கையை உள்ளே நீட்டி அவன் நெற்றியைத் துடைத்தாள். சொல்லாமல் விட்டது எதற்காக என்று அவனுக்குத் தெரியாதா?

"கத்தரி கல்லாவுக்குப் பக்கத்துல இருக்கு. எடுத்துட்டு வந்து வெட்டு."

"பையையா அண்ணா?"

"பின்ன என் காலையா?"

அவள் கொக்கியை வெட்டினாள், பட்டையை வெட்டினாள், இரட்டைத் தையல் போட்ட பாக்கெட்டையும் வெட்டினாள். அவன் சட்டையெல்லாம் தூசியோடு வெளியே வந்து உட்கார்ந்தான். தன் கடையின் உசத்தியான சரக்கு கந்தலாகக் கிடப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு எழுந்து, கிடங்குக்குள் போய், மூலையில் எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்த ஒன்றை உதறிக்கொண்டு வந்தான். படகுக்காரர்கள் வாங்கும் உருளைப் பை. லாரி தார்ப்பாய் மாதிரி வழவழப்பான கெட்டித் துணி, நல்ல மஞ்சள். பாக்கெட் இல்லை, ஜிப் இல்லை. வாயைக் கயிற்றால் சுருக்கிக் கட்ட வேண்டியதுதான். பார்க்கத் திண்டுக்கு உறை போட்ட மாதிரி இருக்கிறதென்று வெட்கப்பட்டு, அவன் அதைக் கடை முன்னால் தொங்கவிட்டதே இல்லை.

அன்றைக்கு அண்ணனும் தங்கச்சியும் அந்தப் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அகலம் அவள் இடுப்பைத் தாண்டக் கூடாது. அவள் இடுப்பு போகிற இடத்தில் பையும் போய்விடும். எனவே இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தார்கள். உயரம் தோளிலிருந்து இடுப்பு வரை போதும் என்று தலையில் கொஞ்சம் வெட்டினார்கள். தோளில் மாட்டும் பட்டையைப் பையோடு ஒட்டித் தைத்தார்கள். உள்ளே போகும் தண்ணீர் தங்கினால் பை கனக்கும் என்று அடியில் ஓட்டை போட்டு வளையம் அடித்தான். காலில் கட்ட, கயிற்றில் தொங்கவிட, மேலே ஒரே ஒரு காது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான மாதிரி ஆயிற்று பை. அண்ணி தைல பாட்டிலை மட்டுமாவது வைக்கட்டுமா என்று கேட்டாள். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்றார்கள். நனையக் கூடாத மருந்தும் மாற்று விளக்கும் இறுக மூடும் டப்பாவில் போக, மிச்ச இடமெல்லாம் கயிறு.

மறுபடி குகை வாசலில் பல் டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு தடவினார். கை மஞ்சள் பையின் தலையிலிருந்து அடிவரை போனது. திரும்பவும் ஒரு தரம் போனது. கண்ணைத் திறந்து, "இது எந்தக் கடையில வாங்கினதும்மா?" என்றார்.

"எங்கண்ணன் கடை சார்."

முதல் தடவையும் அவள் அண்ணன் பேரைத்தான் சொன்னாள். ஆனால் அந்தத் தடவை தலையைக் குனிந்து சொன்னாள், இந்தத் தடவை நிமிர்ந்து சொன்னாள்.

தொண்டைக்குள் அவள் போக, பை பின்னாலேயே வந்தது, வீட்டு நாய் தெருமுனை வரை கூட வருகிற மாதிரி. ஒரே ஒரு இடத்தில் நின்றது. காலை லேசாக அசைத்தாள், அதுவும் புரண்டு வந்துவிட்டது. அந்தப் பக்கம் போய்க் கயிற்றை எடுத்து, பாறையில் கட்டி, கட்டியதை இழுத்துப் பார்த்துவிட்டு இறங்கினாள். அவளுக்குக் கீழே மஞ்சள் பை தொங்கியபடி போனது. ஓடைத் தண்ணீரில் முதலில் பட்டது அதுதான், பிறகுதான் அவள் கால். மற்றவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஒரு கல்யாணக் கூட்டமே உட்காரலாம், அவ்வளவு பெரிய கூடம். முதலில் இறங்குகிறவர் பேர் வைக்கலாம் என்பது அவர்கள் வழக்கம். பல் டாக்டர் வரைந்த குகைப் படம், அவள் வைத்த பேரோடு, அவர் ஆஸ்பத்திரிச் சுவரில் மாட்டியிருக்கிறது. பல் வலியோடு உட்கார்ந்திருக்கிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, தொண்டைக்கு அப்புறம் எப்படி சார் பைக்கடை வரும் என்று கேட்கிறார்களாம்.

அண்ணன் கடையில் இப்போது சூட்கேஸெல்லாம் ஒரு படி பின்னால் போய்விட்டது. முன்னால் உருளைப் பைகள் தொங்குகின்றன. அவற்றுக்கு நடுவில், அடியெல்லாம் தேய்ந்து சேறு காய்ந்த ஒரு மஞ்சள் பை. புதிதாக வருகிறவர் யாராவது அதைத் தொட்டால், அது விற்பனைக்கில்லை என்று சொல்லிவிட்டு, கேட்காமலேயே கதையை ஆரம்பித்துவிடுவான். ரேக்குக்கு அடியில் தான் மாட்டிய பகுதியை அவன் விட்டுவிடுவான். அண்ணி விடமாட்டாள்.

உடும்பு இன்றைக்கும் அதே லிஃப்ட் கம்பெனியில்தான் வேலை பார்க்கிறாள். கடைக்கு மேல்மாடியில் குடியிருக்கிறாள், குகைக் கூட்டத்தின் கயிறு அவள் பொறுப்பில் இருக்கிறது.