கடைசி நாளில் மலர்கொடி பாடவில்லை

சசிகலாவுக்கு நாற்பத்திரண்டு வயது. ஜெயங்கொண்டத்துக்கு வெளியே முந்திரிக்கொட்டை உடைக்கும் கூடம் ஒன்றில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறாள். கணவன் முத்துவேல் சிமெண்டு லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் பாதி நாள் ரோட்டில்தான் இருப்பான். ஆனால் ஊரில் யாரும் அவளை முத்துவேல் பெண்டாட்டி என்று சொல்வதில்லை. 'மலர்கொடி சசி' என்றால்தான் தெரியும்.

மலர்கொடி நாட்டுப்புறப் பாடகி. திருமானூர்ப் பக்கம் வயலில் நடவுப்பாட்டு பாடிக்கொண்டிருந்தவரை யாரோ மேடையேற்றினார்கள். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் இந்த வட்டாரத்தில் அவர் பாடாத திருவிழா இல்லை என்றாகிவிட்டது. சசிகலா முதன்முதலில் அவரைக் கேட்டது ஒரு மாரியம்மன் கோயில் திருவிழாவில். 'கொட்டை ஒடச்ச கையில மருதாணி நிக்கலடி' என்று மலர்கொடி எடுத்ததும் சசிகலா குனிந்து தன் விரல்களைப் பார்த்தாள். முந்திரி ஓட்டின் பால் பட்டுக் கறுத்து, தோல் உரிந்து கிடந்த விரல்கள். அந்தக் கையைப் பற்றி ஒருத்தர் பாடுவார் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை.

பாட்டு முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போனாள். மலர்கொடி அவள் கையைத் திருப்பிப் பார்த்து, "எந்தக் கூடத்துல ஒடைக்கிற?" என்று கேட்டார். போன் நம்பரும் கொடுத்தார். அதற்குப் பிறகு பொங்கலுக்குப் பொங்கல் பேச்சு, ஊர்ப்பக்கம் வந்தால் ஒரு பார்வை. ரசிகர்களுக்கென்று சசிகலா ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தாள். அறுநூறு பேருக்கு மேல் சேர்ந்தார்கள்.

முதல் ஆளாகச் சேர்ந்தது ஆனி ரோஸ், வரதராஜன்பேட்டையில் பள்ளிக்கூட டீச்சர். எட்டு வருடம் இருவரும் சேர்ந்தே கச்சேரிக்குப் போனார்கள். போன வருடம் திருமழபாடியில் ஒரு கச்சேரி முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது ஆனி ரோஸ் சொன்னார்: "சசி, கவனிச்சியா? அவங்களால மேல போக முடியல. தொண்டையில ஏதோ இருக்கு. டாக்டரப் பாக்கச் சொல்லு."

"சளியா இருக்கும் டீச்சர்."

"சளி இல்ல. நாலு மாசமா இப்படித்தான் இருக்கு."

அதையே அவர் குழுவிலும் எழுதினார். சசிகலாவுக்குப் பொறுக்கவில்லை. மலர்கொடிக்கே போன் போட்டாள். "வெறும் சளிதான் சசி. என்னையப் பத்தி உனக்குத் தெரியாதா? நீயே எல்லாருக்கும் சொல்லிடு" என்றார் அவர். சசிகலா சொன்னாள். கொஞ்சம் கூடுதலாகவே சொன்னாள். 'எங்க அக்கா குரலுக்கு ஒண்ணும் இல்ல, வயித்தெரிச்சல் புடிச்சவங்க பேச்ச நம்பாதீங்க' என்று வாய்ஸில் பேசிப் போட்டுவிட்டு, ஆனி ரோஸைக் குழுவிலிருந்து நீக்கினாள். டீச்சர் போன் பண்ணினார். இவள் எடுக்கவில்லை.

இந்த வருடம் அரியலூரில் ஐந்து நாள் கிராமிய இசை விழா நடந்தது. கடைசி நாள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மலர்கொடி. விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவரே கூப்பிட்டார். "முன் வரிசையில ஒக்காரு சசி. ஒனக்காகத்தான் பாடப் போறேன்." அந்தச் சொல்லைக் கேட்டபிறகு சசிகலா சும்மா இருப்பாளா? கூடத்தில் வேலை பார்க்கும் பதினெட்டுப் பெண்களைத் திரட்டி வேன் பிடித்தாள். மலர்கொடியைப் போனில் மட்டுமே கேட்டிருந்த வீரம்மாள், "நேருலயும் இதே மாதிரிதான் இருக்குமாடி?" என்று கேட்டதற்கு, "போன்ல கேக்குறதெல்லாம் ஒரு கேக்குறதாக்கா? நேருல கேட்டா ஒடம்பு சிலுத்துப் போயிடும்" என்றாள்.

மூன்று மணிக்கெல்லாம் போய் முன் வரிசையைப் பிடித்துவிட்டார்கள். வெயில் முகத்தில் அடித்தது. ஐந்தரைக்கு மலர்கொடி அரக்குப் புடவையில் மேடையேறினார். கூட்டம் எழுந்து விசிலடித்தது. அவர் சசிகலாவைப் பார்த்துக் கையை ஆட்டினார். பதினெட்டுப் பேரும் சசிகலாவைப் பெருமையாகப் பார்த்தார்கள்.

முதல் பாட்டு. இரண்டாவது பாட்டு. குரல் கணீரென்று வந்தது. டீச்சர் இங்கே இருந்திருக்க வேண்டும் என்று சசிகலா நினைத்தாள்.

மூன்றாவதாக முந்திரிப் பாட்டு. 'கொட்டை ஒடச்ச கையில மருதா' என்று வந்த குரல் அரை நொடி அறுந்து, ஒரு மூச்சு வாங்கி, 'ணி நிக்கலடி' என்று சேர்ந்தது.

சசிகலாவின் கை தட்டுவதை நிறுத்தியது.

அந்த மூச்சை அவளுக்குத் தெரியும். ஏழு வருடத்துக்கு முன்னால் மீன்சுருட்டியில் பாடும்போது மழைத்தூறல் முகத்தில் விழுந்து மலர்கொடி திடுக்கிட்டு வாங்கிய மூச்சு அது. அன்றைக்கு மைக்செட்காரர் பதிவு செய்து கொடுத்ததை அவள் எத்தனை நூறு முறை கேட்டிருப்பாள்! வேறெந்தக் கச்சேரியிலும் அந்த இடத்தில் மலர்கொடி நின்றதில்லை.

அதற்குப் பிறகு கண் வேண்டாம் என்றாலும் பார்த்தது. பம்பைக்காரரின் குச்சி தோலில் படவில்லை. மலர்கொடி சிரித்துக்கொண்டே பின்னால் திரும்பினார், மைக் மார்புக்கு இறங்கியது, குரல் இறங்கவில்லை. முன்னால் திரும்பியபோது அவர் பார்வை நேராக சசிகலாவின் மேல் விழுந்தது. இவள் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். ஒரு கணம் உதடு நின்றது. பிறகு முன்னைவிடப் பெரிதாகச் சிரித்துக்கொண்டு வாயை அசைத்தார்.

கச்சேரி முடிந்ததும் சசிகலா மேடைக்குப் பின்னால் போனாள். மலர்கொடி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"வா சசி." உமியில் கால் வைத்தது போல ஒரு கரகரப்பு. அவ்வளவுதான் குரல்.

"எத்தன நாளாக்கா?"

"ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. ஆபரேசன் பண்ணணுங்கறாங்க. பண்ணுனா இந்தக் குரலு திரும்பாதாம்."

"என்கிட்ட சளின்னு சொன்னீங்க."

"வேற என்ன சொல்லச் சொல்ற? என்னய நம்பி ஒம்பது வாத்தியக்காரங்க குடும்பம் இருக்கு."

சசிகலா அதற்குத் தலையசைத்தாள். அது அவளுக்குப் புரிந்தது. புரியாதது வேறொன்று. "நான் கண்டுபுடிச்சிட்டேன்னு ஒங்களுக்குத் தெரிஞ்சிச்சுல்ல? அப்பறம் ஏங்க்கா என்னப் பாத்துச் சிரிச்சீங்க?"

மலர்கொடி பிளாஸ்க்கை மூடினார். "நீ வெளிய சொல்ல மாட்டேன்னு தெரியும் சசி. நீ நம்ம புள்ள."

அவர் அதைப் பாசமாகத்தான் சொன்னார். அதுதான் சசிகலாவை அறுத்தது. பன்னிரண்டு வருடத்தில் அவர் தன்னைப் பற்றித் தெரிந்துவைத்திருந்தது இவ்வளவுதானா? வாயைத் திறக்க மாட்டாள் என்பது மட்டுமா? சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்தாள்.

வேனில் ஒரே கொண்டாட்டம். வீரம்மாள் அவள் தோளைத் தட்டி, "நீ சொன்னது நெசந்தான்டி. போன்ல கேட்ட அதே குரலு. கொஞ்சங்கூட மாறல" என்றாள்.

சசிகலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

 மூன்றாம் நாள் வேலை இடைவேளையில் குழுவில் பேசிப் போட்டாள். அக்காவுக்கு உடம்பு சரியில்லை, மேடையில் ஓடியது பழைய பதிவு, டீச்சர் சொன்னது உண்மை, அவரை நீக்கியது என் தப்பு. அவ்வளவுதான் சொன்னாள்.

முதலில் யாரோ கேள்விக்குறி போட்டார். பிறகு வந்தது வசைமழை. 'எவ்ளோ வாங்குன?' 'வயித்தெரிச்சல்.' 'மேடையேத்தாத கோவமா?' சாயங்காலம் மலர்கொடியின் தம்பி எழுதினார்: 'சசி எதையோ தப்பாப் புரிஞ்சிக்கிட்டாங்க. அக்கா நல்லா இருக்காங்க. யாரும் கவலப்பட வேண்டாம்.' மலர்கொடி அதற்குக் கீழே ஒரு கும்பிடு படம் போட்டார்.  குழுவை நடத்த உதவிக்கு வைத்திருந்த பையன்களில் ஒருத்தன், அவள் ஆரம்பித்த குழுவிலிருந்து அவளையே நீக்கினான்.

அடுத்த ஞாயிறு வரதராஜன்பேட்டைக்கு பஸ் ஏறினாள். ஆனி ரோஸ் சர்ச்சில் பூசை முடிந்து வந்து, வாசலில் நின்றவளைப் பார்த்தார். உள்ளே கூப்பிட்டார். தண்ணீர் கொடுத்தார்.

"கேள்விப்பட்டேன்" என்றார்.

"நான் ஒங்களப் பேசுன பேச்சுக்கு..."

"நீ பேசுனது பெருசில்ல சசி. போன எடுக்காம விட்ட பாரு, அதுதான். எட்டு வருசப் பழக்கம். ஒரு தடவ எடுத்து, 'ஏன் டீச்சர் அப்படிச் சொன்னீங்க'ன்னு கேட்டிருக்கலாம்."

சசிகலா தண்ணீர்த் தம்ளரைக் கீழே வைத்தாள்.  "மன்னிச்சிடுங்க டீச்சர்" என்றாள்.

"பாப்போம்" என்றார் ஆனி ரோஸ். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகச் சொன்னார். பிறகு, "அவங்க ஆபரேசன் பண்ணிக்கிறாங்களா?" என்று கேட்டார்.

"தெரியாது டீச்சர். இனி என்கிட்ட சொல்ல மாட்டாங்க."

இருவரும் அதற்கு மேல் மலர்கொடியைப் பற்றிப் பேசவில்லை. டீச்சர் மகளின் காலேஜ் பற்றிக் கொஞ்சம் பேசினார். சசிகலா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பன்னிரண்டு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினாள். டீச்சர் தெருமுனை வரைக்கும் கூட வந்தார். பஸ் வரும்வரை நிற்கவில்லை.