மைனாவை நேரில் பார்த்த ஞாயிறு

என் மகள் வயலின் வாசிப்பவள். இணையத்தில் ஏதோ ஓர் இசைக் குழுவில், ஈப்போக்காரப் பையன் ஒருவனோடு ஒரு வருடமாகச் சேர்ந்து வாசிக்கிறாள். அவன் அங்கே, இவள் இங்கே. போன வாரம் அவனை நேரில் பார்க்கக் கிளம்பினாள். "நேர்ல வேற மாதிரி இருந்தா என்னப்பா பண்றது?" என்று செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். எனக்குத்தான் பழைய ஞாயிறு ஒன்று ஞாபகம் வந்தது.

எங்கள் காலத்திலும் இப்படி ஒன்று இருந்தது என்றால் நம்புவீர்களா? எண்பதுகளின் தொடக்கம். பீடோங் என்ற ஊரில், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் ஒரு லாரிக் கம்பெனியில் நான் கிராணி, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தா. லாரிகளோடு பேச ஆபீசில் ஒரு சிபி செட் இருந்தது. ரேடியோ மாதிரிதான், ஆனால் நாமும் பேசலாம். மைக்கில் பட்டனை அழுத்திப் பிடித்தால் நாம் பேசுவது போகும். விட்டால்தான் மற்றவர் பேசுவது வரும். சாயங்காலம் லாரிகள் திரும்பிய பிறகு அந்தச் சேனலில் பல ஊர் ஆட்கள் கூடுவார்கள். ஒருவருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. புக்கிட் செலம்பாவில் ஒரு டைகர், எங்கிருந்து பேசுகிறான் என்றே சொல்லாத ஒரு ரோமியோ. நான் சக்கரவர்த்தி. ஒரு தகரக் கொட்டகை, நாலு லாரி, அதுவும் முதலாளியுடையது. அந்த சாம்ராஜ்யத்துக்குச் சக்கரவர்த்தி.

கோயில் பாடகர் குழுவில் அப்போது கித்தார் வாசித்துக்கொண்டிருந்தேன். மாதா கோயிலைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமைப் பாட்டை ஒரு நாள் மைக் முன்னால் உட்கார்ந்து பழகினேன். பட்டனை விட்டதும் அதே மெட்டு மவுத் ஆர்கனில் திரும்பி வந்தது. பின்னாலேயே ஒரு குரல்: "மைனா பேசறேன், கோலா கெத்தில் பக்கம். நல்லாருக்குண்ணே, இன்னொருக்கா போடுங்க."

அப்படி ஆரம்பித்தது. ஒருவர் பட்டனை அழுத்தியிருக்கும்போது இன்னொருவர் நுழைய முடியாத செட் அது. அதனால் நான் ஒரு வரி, அவர் ஒரு வரி. சேர்ந்து வாசித்ததே இல்லை. மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். நாளாக ஆக அவர் வரி சுருங்கியது, என் வரி நீண்டது. எனக்கு இடம் விட்டுக்கொடுக்கிறார், என்ன பெருந்தன்மை என்று நினைத்துக்கொள்வேன்.

நேரில் பார்க்கலாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டே இருந்தேன். "வேணாம்லா சக்கரவர்த்தி, காத்துலயே நல்லாத்தானே இருக்கு" என்பார். பிறகு ஒரு நாள் அவராகவே, "வர்ற ஞாயித்துக்கெழம வாங்கண்ணே. கித்தாரயும் கொண்டாங்க" என்று, தான் குடியிருக்கும் தோட்டத்தின் பெயரையும் சொன்னார்.

பூசை முடிந்து, கித்தாரை முதுகில் கட்டிக்கொண்டு மோட்டார்சைக்கிளில் போனேன். தோட்டத்துக்குள் நுழைந்த பிறகுதான் அவர் பெயர் தெரியாது என்பது உறைத்தது. மைனா வீடு எது என்று யாரிடம் கேட்பது? தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக் கூரைகளை அண்ணாந்து பார்த்தபடியே வண்டியை உருட்டினேன். ஒரே ஒரு கூரையில் தண்ணிக் குழாயை நட்டு ஏரியல் கட்டியிருந்தது.

வாசலில் நின்றதும் மருந்து வாசம் அடித்தது. புல்லைக் கொல்ல அடிக்கும் விஷத்தைத் தோட்டத்தில் மருந்து என்றுதான் சொல்வோம். மூக்கில் ஏறித் தொண்டையில் உட்கார்ந்துவிடும் நாற்றம்.

குரலை வைத்து நான் ஓர் ஆளைச் செய்து வைத்திருந்தேன். என் வயது, கொஞ்சம் தொப்பை, நல்ல மீசை. கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தவருக்குத் தோள் எலும்பு சட்டைக்கு மேலேயே தெரிந்தது. விரல் நகங்கள் வெளுத்து வெடித்திருந்தன. "சக்கரவர்த்தியா?" என்றது அதே குரல். அது அந்த உடம்பிலிருந்து வருகிறது என்று மனதுக்குப் பழக நேரம் பிடித்தது. பெயர் கோவிந்தன். நேரில் பார்த்ததும் நான் அண்ணனிலிருந்து தம்பியானேன்.

மனைவி செல்லம்மா கோப்பி கொண்டுவந்தார். வாசம் அவரிடமிருந்துதான் வந்தது. "இவருக்கு மூச்சு கெட்டதிலேர்ந்து இவரு தூக்கின மருந்துத் தொட்டிய நான்தான் தூக்கறேன். வீட்டுல ஒரு ஆளாவது வேல செய்யலன்னா வீட்ட விடச் சொல்லிருவாங்க. டிரஸ்ஸர கேட்டா ஆஸ்துமாங்கறாரு" என்றார். டிரஸ்ஸர் என்பவர் தோட்டத்து ஆஸ்பத்திரிக்காரர்.

"வாசிப்போம் தம்பி" என்றார் கோவிந்தன். நான் தொடங்கினேன். அவர் சேர்ந்துகொண்டார். கித்தாரும் மவுத் ஆர்கனும் முதல் தடவையாக ஒரே நேரத்தில். அந்த ஒரு வரி எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டாவது வரியின் பாதியில் மவுத் ஆர்கன் மடியில் விழுந்தது. உதடு நீலமாகிவிட்டது. செல்லம்மா முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

மூச்சு திரும்பியதும் அவர் சிரிக்கப் பார்த்தார். "ரேடியோலயும் இப்படித்தான். பட்டன விட்டுட்டுக் கெடப்பேன். நீ வாசிச்சு முடிக்கறதுக்குள்ள சரியாயிரும்."

செல்லம்மா கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போகும்வரை காத்திருந்தார். "ஒன்னய எதுக்கு வரச் சொன்னேன்னா... ஒங்க கம்பெனில இவளுக்கு ஒரு வேல கேளு தம்பி. கூட்டித் துடைக்கறதுன்னாலும் சரி. இவளும் என்ன மாதிரி ஆயிரக்கூடாது."

மறுநாளே முதலாளியிடம் கேட்டேன். பார்க்கலாம் என்றார். வாரா வாரம் கேட்டேன், வாரா வாரம் பார்க்கலாம். கடைசியில் டிரைவர் ஒருவரின் தங்கச்சியைச் சேர்த்துக்கொண்டார். அதைச் சேனலில்தான் சொல்ல வேண்டியிருந்தது, எல்லாருடைய காதும் திறந்திருக்க. "அந்த விஷயம் கெடைக்கலண்ணே" என்று சொல்லிப் பட்டனை விட்டேன். பிறகு, "பரவால்ல. நீ வாசி" என்றார். வாசித்தேன். பதில் வரி வரவில்லை.

அதன் பிறகு சில வாரங்கள் அவர் வரவில்லை. ஒரு சாயங்காலம் சேனலில் பெண் குரல் கேட்டது. அதுவரை அதில் பெண் பேசியதே இல்லை. "சக்கரவர்த்தி தம்பி இருக்கீங்களா? அவரு போயிட்டாரு தம்பி." பட்டனை விட வேண்டும் என்று செல்லம்மாவுக்குத் தெரியவில்லை. பிடித்தபடியே அழுதார். யாரோ நாற்காலியை இழுத்தார்கள், யாரோ விளக்கேற்றச் சொன்னார்கள், ஒரு கோழி கத்தியது. அந்த வீடு முழுவதும் எங்களுக்குக் கேட்டது. அவர் விடும்வரை எங்களில் ஒருவராலும் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். தோட்டத்து ஆட்கள் அல்லாத சிலர் பந்தல் ஓரமாகத் தனித்தனியே நின்றார்கள். ஒருவர் என் அருகே வந்து, "சக்கரவர்த்திங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். தலையாட்டினேன். ஐம்பது வயதிருக்கும், கையில் மாலை. "நான்... நான்தான் ரோமியோ" என்றவர் தரையைப் பார்த்தார். பின்னால் நின்ற இன்னொருவர் டைகர், அவருக்கு ஒரு கால் ஊனம். சாவு வீட்டில் அந்தப் பெயர்களைச் சொல்ல எங்களுக்கு வெட்கமாக இருந்தது. சொந்தப் பெயரையும் யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. பாடையைத் தூக்கும்போது மட்டும் நாங்களும் தோள் கொடுத்தோம். கனமே இல்லை.

அதற்குப் பிறகு சேனலில் கூட்டம் குறைந்தது. முகம் தெரிந்துபோன பிறகு பேச என்னவோ கூச்சம். ஆளாளுக்குச் செட்டை விற்றார்கள், எங்கள் ஆபீசுக்கும் டெலிபோன் வந்துவிட்டது.

முப்பதாம் நாள் காரியம் முடிந்த கையோடு செல்லம்மாவைப் பார்க்கப் போனேன். அந்த வீட்டில் வேறு குடும்பம் இருந்தது. கைக்குழந்தையோடு ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

"அந்தக்கா வேற தோட்டத்துக்கு மருந்தடிக்கப் போயிட்டாங்கண்ணே."

"எந்தத் தோட்டம்?"

"தெரிலயே."

அந்தப் பெண்ணும் இப்போது எங்கே இருக்கிறாளோ. லயங்களை இடித்துத் தரையோடு தள்ளிவிட்டார்கள், தோட்டத்தின் பெயரும் மாறிவிட்டது. செல்லம்மா எந்தத் தோட்டத்துக்குப் போனார் என்று விசாரிக்க அங்கே இன்று ஒருவரும் இல்லை.