கிளடிஸின் சுட்டுவிரல்

வான் வண்டியின் கதவில் நசுங்கிக் கிளடிஸின் வலதுகைச் சுட்டுவிரல் முறிந்தது விபத்து. அது பொருந்தாமல் போனதற்குக் காரணம் முழுக்க அவரேதான். இதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல எங்கள் ரூஜ் பகுதியில் எவருக்கும் துணிச்சல் இல்லை. நான் எழுதிவிடுகிறேன்.

அவருடைய மகன் ஜூலியன் முப்பதைத் தாண்டியவன். பிறவியிலேயே பேச்சு இல்லை, கைகளும் சொல் கேட்பதில்லை. மூன்று வேளையும் கிளடிஸ்தான் குழைத்து ஊட்டுவார், அதற்குப் பிறகே தான் சாப்பிடுவார். கரண்டியைக் கண்டால் வாயை இறுக்கிக்கொள்வான். "என்ர கை இல்லாட்டி அவன் பட்டினி" என்று மாதா கோயிலில் எல்லோரிடமும் சொல்வார். அதில் கவலை பாதி, பெருமை பாதி. கணவர் இக்னேசியஸ் பக்கத்து நகரமான ஒஷாவாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவரைக் கிளடிஸ் ஒருநாளும் மகனுக்கு ஊட்டவிட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் விரல் அசையாதிருக்க ஸ்பிளின்ட் கட்டி அனுப்பினார்கள். கறி பட்டுவிடும் என்று சாப்பாட்டு வேளைகளில் அதைக் கழற்றி வைத்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு ஊட்டினார். கோடை போய்ப் பனி வந்தும் எலும்பு சேரவில்லை.

சத்திரசிகிச்சை நிபுணர் எக்ஸ்ரேயைக் காட்டி விளக்கினார். முறிந்த முனைகள் ஓயாமல் அசைந்ததால் நடுவில் எலும்புக்குப் பதிலாகத் தழும்புச் சதை வளர்ந்திருக்கிறது. அதைச் சுரண்டி எடுத்து, மணிக்கட்டிலிருந்து கொஞ்சம் எலும்பு எடுத்து அடைத்து, சின்னத் தகடும் ஆணிகளும் வைத்துப் பூட்ட வேண்டும். இம்முறையும் அசைத்தால் விரல் உதவாமலே போகலாம். கிளடிஸ் ஆபரேஷனுக்குப் பயப்படவில்லை. எலும்பு சேரும்வரை பிள்ளைக்கு யார் ஊட்டுவது என்று மட்டும் கேட்டார்.

கூட வந்திருந்த இக்னேசியஸ் தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் குடுத்துப் பாக்கிறன்" என்றார்.

ஆபரேஷன் முடிந்து வந்த மறுநாள் மத்தியானம் இக்னேசியஸ் கை கழுவிவிட்டுச் சோறும் தேங்காய்ப்பால் சொதியும் குழைத்தார். ஜூலியன் வாயை இறுக்கினான். பக்கத்துக் கதிரையில் இருந்த கிளடிஸ், சூடு கூடிவிட்டது, கவளம் பெரிது என்று ஒவ்வொன்றாகக் குறை பிடித்தார். கடைசியில் மனுஷன் திரும்பிப் பார்த்தார்.

"நீர் கொஞ்சம் அறைக்குள்ள போய் இரும்."

கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படிச் சொன்னதில்லை. கிளடிஸ் போய்க் கதவுக்குப் பின்னால் நின்று செபமாலை சொல்லத் தொடங்கினார். அது பாதி முடிவதற்குள் இக்னேசியஸ் சோற்றுக் கோப்பையைக் கழுவும் சத்தம் கேட்டது. மகன் சாப்பிட்டிருந்தான். கிளடிஸுக்குச் சந்தோஷப்படத்தான் விருப்பம், வரவில்லை.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு வேளையும் மகன் சாப்பிட்டு முடித்த பிறகே கிளடிஸ் வெளியே வந்து ஆறிய சோற்றைத் தின்றார். வசந்தத்தில் எலும்பு சேர்ந்துவிட்டது. விரல் முழுதாக மடங்காது, ஆனால் கவளம் பிடிக்கப் போதும் என்றார்கள். அன்று வீட்டுக்கு வந்ததும் கிளடிஸ் சோற்றைக் குழைத்து நீட்டினார். ஜூலியன் வாய் திறக்கவில்லை. முகத்தைத் தகப்பன் பக்கம் திருப்பினான்.

இக்னேசியஸுக்குச் சங்கடமாகப் போய்விட்டது. பிள்ளைக்குப் பசியில்லை போல என்று சமாளித்தார்.

"பசிதான். நீங்களே குடுங்கோ" என்று கோப்பையைத் தள்ளிவிட்டார் கிளடிஸ்.

பிறகு தனக்கும் ஒரு கோப்பையில் போட்டுக்கொண்டு அவர்களோடு மேசையில் இருந்தார். மகன் பிறந்த பிறகு அவர் ஆறாத சோறு தின்ற முதல் நாள் அது. அழுகை வந்தது. சோறு ருசியாக இருந்தது, அதற்கும் சேர்த்து அழுதார்.